ஆள் வருது

கங்கைகொண்டான் விலக்கைத் தாண்டி ஒரு எடைமேடை.
லாரி ஏறினால் எண் எழும்பும்.
எண்ணை எழுதிவைக்கிற நிரலுக்கு
இருபத்திரண்டு வயசு.
அதை எழுதியவரின் போன் எண்ணில் இப்போது
தென்காசிப் பெயின்ட் கடை ஒன்று பேசுகிறது.

சித்திரை மாசத்து இடியில்
விண்டோஸ் பெட்டி செத்தது.
புதுப் பெட்டியில் லினக்ஸ்.
எடை எழுதுகிற முப்பிடாதி சொன்னார்:
'புரோகிராம் அதேதாம்மா வேணும்.
எந்தப் பித்தான் எங்கன இருக்குன்னு
வெரலுக்குத்தான் தெரியும்,
எனக்குத் தெரியாது.'

ஆக நான் நடுவில் உட்கார்ந்தேன்.
மேலே இருப்பது ஒன்று கேட்கும்,
கீழே இருப்பதற்கு அந்தப் பேச்சே தெரியாது.
வண்ணார்பேட்டை மாடியறையில்
கொசுவத்திப் புகைக்குள்
இடப்பக்கம் சாய்ந்த பாதைக்கோடுகளை
வலப்பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காலம் 1601இல் பிறந்தது,
இதற்கு 1970இல்.
முந்நூற்று அறுபத்தொன்பது வருஷம் கழித்த பிறகுதான்
களக்காட்டு வாழைத்தார் லாரி
காலை ஆறேகாலுக்கு வந்ததென்று சொல்ல முடிந்தது.

அதற்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று.
வேட்டி கட்டினாலும் பேன்ட் போட்டாலும்
செல்லையா செல்லையாதான்.
இது, பேன்ட் போட்டவரை
யாரென்றே தெரியாது என்கிறது.
பெரிசும் சின்னதும் இல்லாத எழுத்தில் படித்தவள்
இந்த வழக்கைத் தீர்க்க
மூன்று ராத்திரி விழித்தேன்.

ஓடியது.
நாலாம் நாள் போன்.
'யம்மா, வாழைத்தாரு முப்பத்தோரு டன்னாம்.
ஜல்லி லாரிக்காரன் சிரிக்கான்.'

ஒரே பெட்டிக்கு இரண்டு திரை.
ஜன்னலோரம் முப்பிடாதி,
உள்ளறையில் முதலாளி.
இருவரும் ஒரே நேரத்தில்
அன்றைய கணக்கைத் திறந்திருக்கிறார்கள்.
பழைய வீட்டில் இரண்டாமவருக்குக் கதவு திறக்காது.
இந்த வீடு இரண்டு பேரையும்
வாங்க வாங்க என்றிருக்கிறது.

நிரல் இத்தனை வருஷம் நம்பியிருந்தது
அந்த மறுப்பை.
நான் எல்லாச் சம்மதங்களையும் பெயர்த்தேன்,
அதை விட்டுவிட்டேன்.

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில்
பாபநாசம் வண்டி இன்னும் நிற்கக்கூட இல்லை,
ஜன்னல் வழியே ஒரு துண்டு விழுந்தது இருக்கையில்.
ஏறினேன். உட்காரப் போனேன்.
வெளியிலிருந்து குரல்: 'யக்கா, ஆள் வருது.'

துண்டுக்கு என்ன பலம்?
எடுத்து ஓரமாய்ப் போட்டால் போச்சு.
ஆனாலும் நின்றேன்,
சேரன்மகாதேவி வரை நின்றேன்.

லினக்ஸின் பூட்டும் துண்டுதான்.
பார்க்கிறவனை மட்டும் நிறுத்தும்.
பழைய நிரலுக்குத் துண்டு பார்க்கத் தெரியாது,
இருக்கையில் ஆளே உட்கார்ந்திருக்க வேண்டும் அதற்கு.

ஒற்றைக் கம்பியைப் பிடித்தபடி
மனசுக்குள் எழுதினேன்:
திறக்கும் முன் துண்டு கிடக்கிறதா பார்,
கிடந்தால் திரும்பு,
இல்லையென்றால் போடு.
நிரலுக்குத் தெரியாமல் அதன் சார்பில்
நானே போட்டு நானே எடுப்பேன்.

திரும்பி வந்து சொல்வதற்கும் வார்த்தை வேண்டும்.
கோப்பே இல்லையென்றால் கெடையாது.
உரிமை இல்லையென்றால் கூடாது.
வட்டு நிரம்பியிருந்தால் இடமில்ல.
இன்னொருவர் கையில் இருந்தால்
பொறவு வாரும்.
நாலு இல்லைக்கும் நாலு எண்,
ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுத்தால்
பொறவு வரவேண்டியவன்
வராமலே போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன்.
'தொறக்க மாட்டேங்கு யம்மா!
முதலாளி உள்ள பாத்துக்கிட்டிருக்காரு, எனக்குத் தொறக்கல!'
அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

பில் அனுப்பி ஏழு வாரம்.
கெடையாது என்று வரவில்லை,
பொறவு வாரும் என்றும் வரவில்லை.
திரும்பாத அழைப்பு ஒன்று
கங்கைகொண்டானில்
அப்படியே நிற்கிறது.